ரொமொராந்தேன் வாங்கணுமா? லேபிள்ல "கூர்" இருக்கான்னு பாருங்க

இது ஃப்ரான்ஸ்ல லுவார் பக்கம், ப்ளுவா ஊருக்கு கிட்ட கொஞ்சூண்டு இடத்துல மட்டும் விளையற வெள்ளை ஒயின் திராட்சை. 1519ல முதலாம் ஃப்ரான்சுவா ராஜா பர்கண்டில இருந்து 80,000 கொடி கொண்டாந்து நட வெச்சாருன்னு கதை சொல்வாங்க. டிஎன்ஏ பாத்ததுல இது ஷார்டனேங்கற வெள்ளை திராட்சையோட கூடப்பொறந்ததுன்னே தெரிஞ்சிடுச்சு, அவன் உலகம் பூரா சுத்திட்டான், இவன் ஊர விட்டு நகரவே இல்ல.

கடைல திராட்சை பேர தேடாதீங்க, பல பாட்டில்ல இருக்காது. ஊர் பேர் தான் போட்டிருக்கும், அங்கதான் எல்லாரும் ஏமாறுறது (நானும் தான்). ஷெவெர்னின்னு ஒண்ணு, கூர் ஷெவெர்னின்னு ஒண்ணு, ரெண்டுக்கும் 1993ல தான், எல்லை வகுத்த ஒயின் பேரா தனித்தனி அங்கீகாரம் கெடச்சுது. வெறும் ஷெவெர்னி வெள்ளைல பெரும்பாலும் சோவின்யோ ப்ளாங்ங்கற திராட்சை கூட ஷார்டனே கலந்திருக்கும், கூர் ஷெவெர்னின்னா முழுக்க ரொமொராந்தேன் மட்டும் தான். நாக்குல வெச்சாலும் கூர் தான், அவ்ளோ புளிப்பு, அத வெச்சே ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த புளிப்புக்காகவே வருஷம் பாத்து வாங்குங்க. புதுசா குடிச்சா எலுமிச்சை, பச்சை ஆப்பிள், அவ்ளோ தான், பல் கூசும். அஞ்சாறு வருஷம் இருட்டான, சூடில்லாத இடத்துல படுக்க வெச்சிட்டு தொறந்தீங்கன்னா தேன், தேன்மெழுகு வாசனைலாம் வரும், பேரோட கடைசில தேன் இருக்கறது சும்மா இல்ல போல. பொறுமை இல்லையா, கடைலயே பழைய வருஷம் இருக்கான்னு கேளுங்க. சில வருஷத்துல இனிப்பு மிச்சம் வெச்சும் செய்வாங்க, அதனால இனிப்பா இல்லையான்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் ஊத்தாதீங்க ப்ளீஸ், வாசனையே வராது, அரை மணி நேரம் வெளிய வெச்சு 10-12 டிகிரி வந்ததும் ஊத்துங்க. கூட சாப்பிட அதே பக்கத்து, கரித்தூள் பூசின செல் சுர் ஷேர்ங்கற ஆட்டுப்பால் சீஸ், இல்லன்னா வெண்ணெய்ல பொரிச்ச ஆத்து மீன்.

லேபிள்ல கூர் பாக்கணும்னு சொன்னதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. அன்ரி மாரியோனேங்கற ஒயின் தயாரிப்பாளரோட தோட்டத்து ப்ரோவின்யாஜ்ங்கற ரொமொராந்தேன் பாட்டில். ஃபைலோக்ஸெரா பூச்சி ஃப்ரான்ஸ் தோட்டங்கள அழிச்சதுக்கு முன்னாடி, 1850 வாக்குல நட்ட கொடின்னு சொல்றாங்க, ஒட்டு போடாம சொந்த வேர்ல நிக்குது. தோட்டம் கூர் ஷெவெர்னி எல்லைக்கு வெளிய இருக்கறதால லேபிள்ல கூர் இருக்காது, அதுக்காக விட்டுட்டு வந்துடாதீங்க.