நடுத்தர வருமானத்தைத் தாண்ட: தென் கொரியா காட்டும் வழிமுறை

வருமான நிலையில் மேலேற விரும்பும் நாடு நிலத்திலும் பள்ளியிலும் தொடங்க வேண்டும். தென் கொரியா 1950-இல் நில உச்சவரம்பை ஏறத்தாழ மூன்று ஹெக்டேராக வைத்து, மிகுதி நிலத்தைக் குத்தகை உழவர்களுக்கு மாற்றியது. தொடக்கக் கல்வியும் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான குழந்தைகளைச் சென்றடைந்தது.

பல நாடுகள் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். தொழில்களுக்குச் சலுகை தராத அரசு எங்குமில்லை. தந்த சலுகைக்குக் கணக்குக் கேட்கும் அரசுதான் அரிது. சியோலில் 1960களின் நடுவிலிருந்து அதிபர் பார்க் சுங் ஹீ தலைமையில் மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடந்தது. அமைச்சர்களும் தொழிலதிபர்களும் ஒன்றாக அமர்ந்து, எந்தப் பொருள் எவ்வளவு விற்றது, இலக்கு தவறியிருந்தால் எங்கே முட்டுக்கட்டை என்று அலசினர். வெளிநாட்டு வாடிக்கையாளரின் எல்.சி.யை, அதாவது சரக்குக்குப் பணம் கிடைக்கும் என்று அவருடைய வங்கி தரும் உறுதிக் கடிதத்தைக் காட்டிய நிறுவனத்துக்கு வங்கி குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. உலகச் சந்தையில் விற்க முடிந்ததே தகுதிச் சான்று. செயற்கைக் கூந்தல், ஒட்டுப்பலகை, ஆயத்த ஆடை என்று தொடங்கி 1964-இல் 10 கோடி டாலரை எட்டிய ஏற்றுமதி, 1977-இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. ஆகவே, சலுகை அறிவிக்கும்போதே அதற்கான ஏற்றுமதி இலக்கையும், தவறினால் சலுகை நிற்கும் நாளையும் எழுதிவிட வேண்டும்.

இந்த ஒழுங்கு கைவந்த பிறகே கனரகத் தொழிலில் இறங்கலாம். போஹாங் எஃகு ஆலைத் திட்டம் லாபகரமாக இராது என்று உலக வங்கி கருதியபோது, ஜப்பானுடனான 1965 ஒப்பந்தத்தில் கிடைத்த நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு கொரியா அதைக் கட்டியது. பணியாளர்களை ஜப்பானிய ஆலைகளுக்கு அனுப்பிப் பயிற்றுவித்து, 1973-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆராய்ச்சிக்கு, நாடு செல்வம் சேர்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கே அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் 1966-லேயே எழுந்தது.

தொழிற்சங்கங்களை நசுக்கிய அடக்குமுறையையும் இவ்வழியின் பகுதியாகச் சிலர் போற்றுவதை ஏற்க இயலாது. 1987-இல் மக்களாட்சி திரும்பியபின் கூலி வேகமாக உயர்ந்தது. தொழில்வளர்ச்சி அதனால் நின்றுவிடவில்லை.

உண்மையான ஆபத்து கடன் பக்கமிருந்து வந்தது. குறுகியகால வெளிநாட்டுக் கடன் அன்னியச் செலாவணிக் கையிருப்பை மிஞ்சியிருந்த நிலையில், 1997-இல் கொரியா பன்னாட்டு நாணய நிதியத்தை நாட நேர்ந்தது. ஓராண்டுக்குள் திருப்பவேண்டிய கடனையும் கையிருப்பையும் மத்திய வங்கி மாதந்தோறும் ஒப்பிட்டு வெளியிடும் ஏற்பாட்டை, மூலதனக் கணக்கைத் திறப்பதற்கு, அதாவது வெளிநாட்டுக் கடனும் முதலீடும் தடையின்றி வந்துபோக விடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.