12 மாதத்தை எந்த நாள் வரை எண்ணுவது?

மகளின் கல்லூரி பில்லில், மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணத்துக்குப் பதிலாக வெளிமாநிலக் கட்டணம் போட்டிருந்தார்கள். கேட்டால், டெக்சாஸுக்கு நீங்கள் குடிவந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றார்கள். விசாதான் தடை என்று நினைத்து நான்கு நாள் அலைந்தேன்; எச்-1பி (அமெரிக்க வேலை விசா), எச்-4 (அவர்கள் குடும்பத்தாருக்கான விசா) இரண்டுக்குமே இங்கே அந்தத் தடை கிடையாது. அப்புறம் டிரைவிங் லைசென்ஸ் அனுப்பினேன், அது மட்டும் போதாதாம்.

விதியை வரிவரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது: 12 மாதத்தை விண்ணப்பித்த நாள் வரை அல்ல, 'சென்சஸ் தேதி' வரை எண்ண வேண்டும், அதாவது செமஸ்டர் தொடங்கி 12-ஆவது வகுப்பு நாள். நான் இங்கே வேலையில் சேர்ந்தது போன வருடம் ஆகஸ்ட் 20. இந்த வருட சென்சஸ் தேதி செப்டம்பர் 10. சரி என்று வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், மகளை என்னைச் சார்ந்தவளாகக் காட்டிய வரிப் படிவம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பினேன். மூன்றாம் நாள் பில் மாறியது, நிம்மதி.