வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி? குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது. கழத்தித் தூரப் போட்டுருவோம், வண்டி ஹீட்டே ஆகாது."

பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் இப்படிச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அக்னி நட்சத்திர நேரம். வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றாலே டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டிருந்தது. கார் எஞ்சினில் இருக்கும் தெர்மோஸ்டாட் என்ற அந்த வால்வைக் கழற்றினார்கள். அப்புறம் காலை நேரங்களில் முள் பாதிக்குக்கூட வரவில்லை. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15க்கு இறங்கியது. ஏசி மேல் பழி போட்டேன். மத்தியான வெயிலில் சிக்னலில் நின்றால் மட்டும் பழைய கதைதான். கடைசியில் பார்த்தால் பழுது ரேடியேட்டர் ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலேயில் இருந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவதுதான் இந்த விஷயத்தில் முதல் தவறு. மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள்.

அந்தச் சாமான் செய்யும் வேலை எளிது. சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு. 82, 88 என்று ஏதோ ஒரு எண்ணை மேலே பொறித்திருப்பார்கள். திறக்க ஆரம்பிக்கும் செல்சியஸ் சூடு அது. அந்தச் சூட்டில் மெழுகு உருகிப் பருத்து, தண்டைத் தள்ளி, தட்டைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மூடியிருக்கும் வரை கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். திறந்தால் காற்றில் ஆற ரேடியேட்டருக்குப் போகும். குளத்து மடை மாதிரி என்று வையுங்களேன். மடையை முழுக்கத் திறந்த பிறகும் வயலுக்குத் தண்ணீர் பற்றவில்லை என்றால், மடையைப் பிடுங்கி எறிந்து என்ன பயன்? சூடு இதற்குக் கீழே போகாமல் பார்ப்பது தெர்மோஸ்டாட். மேலே போகாமல் பார்ப்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப். 88 எண்ணை மாற்றி 76 போட்டால் வண்டி குளிரும் என்று நம்புவதும் இதே குழப்பம்தான்.

வெளியே 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டியது 90 பக்கம். அந்தச் சூடு வராவிட்டால், வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் விடும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும், தேய்மானம் கூடும். இன்னொன்றும் உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் மறுமுனை பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கே ஓடிவிடும். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஹீட் ஆகக்கூடாது என்று கழற்றிய வண்டி அதனாலேயே அங்கே ஹீட் ஆகலாம்.

திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் கழற்றிய மாதிரிதான். குளிர் ஊர்க்காரர்களுக்கு ஹீட்டரில் சூட்டுக் காற்று வராததே காட்டிக்கொடுத்துவிடும். நம் பக்கம் ஹீட்டரைத் தொடுபவர் யார்? நாங்குநேரி தாண்டி, பணகுடிக் காற்றில் நாலுவழிச் சாலையில் போகும்போது முள் இறங்குகிறதா என்று பாருங்கள். முள் இல்லாத வண்டியில், எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைய வெகுநேரம் ஆகும். பட்டறை ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்தாலும் பெரும்பாலும் இதுதான்.

அடுத்த தவறு, ஹீட் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு தெர்மோஸ்டாட்டை மாற்றுவது. நிற்கும்போது மட்டும் ஹீட் ஆகி, ஓடினால் சரியாகிறதென்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஏற்றத்திலும் வேகத்திலும் ஹீட் ஆனால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட் மூன்றையும் சந்தேகிக்கலாம். முள் மேலே போயும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். (சில எஞ்சின்களில் அது கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனை உதவாது.) தொடும்போது ஃபேன் திடீரென்று சுற்றலாம், விரல் பத்திரம்.

ஹீட் ஆன வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போனால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து அரை மணி நேரமாவது விடுங்கள். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. சுடுகிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, உலோகம் விரிசல் விட்டுவிடும்.

போர் தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தெர்மோஸ்டாட் தண்டிலும் ரேடியேட்டர் குழாயிலும் படியும். "ஆத்துத் தண்ணி ஊத்துனா போதும்" என்பதும் சரியில்லை. கூலண்டுக்குக் கொதிநிலை அதிகம், துருவையும் தடுக்கும். கலக்க டிஸ்டில்ட் வாட்டர்தான்.

பழைய தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அடியைத் தொடக்கூடாது. தெர்மோமீட்டரில் பொறித்த எண் வந்ததும் தட்டு மெல்ல நகரும். கொதிக்குமுன் நன்றாக வாய் திறக்கும். என் சோதனைக்கு வீட்டுப் பால் சட்டியை எடுத்துவிட்டு வாங்கிய ஏச்சு நியாயமானது. கூலண்ட் விஷம், சட்டி அப்புறம் பட்டறைக்கே போனது. வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கும்.

மாட்டும்போது சிறு காற்றுத் துளை இருந்தால் அதை மேல்பக்கம் வையுங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கில் பழையதையே திரும்பப் போடாதீர்கள். கூலண்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால் காற்று வெளியேறும். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்து ஏர் லாக் ஆகி, புதுசு போட்டும் ஹீட் ஆகும். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் ரிசர்வாயர் அளவைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.