ரோம் ஆலயத்தின் பார்வையாளர் மையம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமுக்குப் போகிறவர்கள் வத்திக்கானை முடித்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் நகரின் வடகிழக்கில் வட்டச்சாலையை ஒட்டி இருக்கும் மார்மன் ஆலயத்தையும் எட்டிப் பார்ப்பதுண்டு. மார்மன்கள் என்று அழைக்கப்படுவோரின் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை கட்டி, 2019 மார்ச்சில் பிரதிஷ்டை செய்த ஆலயம் இது. வத்திக்கானைப் பார்த்த அதே கண்ணோடு இங்கே நுழைவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

முதலில் வாசல். ஆலயத்துக்குள் சபையின் அனுமதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே போகலாம். மற்றவர்களுக்கு எதிரே இருக்கும் பார்வையாளர் மையம்தான். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆலயக் கதவருகே நின்று தர்க்கம் செய்து பயனில்லை.

மையத்துக்குள் வெண்பளிங்கில் கைவிரித்து நிற்கும் இயேசுவைப் பார்த்ததும் வேளாங்கண்ணி நினைவில் பூவையும் மெழுகுதிரியையும் தேடாதீர்கள். இந்தச் சபையில் சுரூப வணக்கம் இல்லை. சிலை பார்ப்பதற்கும் போதிப்பதற்கும் மட்டுமே. செருப்பையும் கழற்ற வேண்டாம்.

இந்தச் சிலை மார்மன்களின் சொந்தப் படைப்பு என்று நினைப்பது இன்னொரு தவறு. மூலச் சிலையை வடித்தவர் டென்மார்க் சிற்பி பெர்டல் தோர்வால்ட்சன். அது நிற்பது கோபன்ஹேகனில் ஒரு லூத்தரன் பேராலயத்தில். அவரோ நாற்பது ஆண்டுகள் ரோமில் வாழ்ந்தவர். இந்த இயேசுவின் மாதிரியை உருவாக்கியதும் இங்கேதான். ஆக, நகல் வழியாகச் சிலை பிறந்த ஊருக்கே திரும்பியிருக்கிறது.

சுற்றி நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் தோர்வால்ட்சன் சிலைகளின் நகல்களே. பலரும் இவர்களை வரிசையாகப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயலாமல் கையைப் பாருங்கள். சாவி இருந்தால் பேதுரு, வாள் இருந்தால் பவுல், பெருக்கல் குறி போன்ற சிலுவை இருந்தால் அந்திரேயா. யூதாஸைத் தேட வேண்டாம். அவன் இடத்தில்தான் பவுல் நிற்கிறார்.

தோமாவிடம்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவார்கள். பரங்கிமலை மரபில் அவர் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தவர் என்பதால் ஈட்டியைத் தேடுவோம். இங்கே அவர் கையில் இருப்பது மூலைமட்டம், அதாவது தச்சர்கள் செங்கோணம் பார்க்கும் கருவி. இந்திய அரசன் ஒருவன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, 'உன் மாளிகை விண்ணுலகில் எழும்பிவிட்டது' என்று சொன்ன பழங்கதையின் தச்சர் இவர்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் கோபுர உச்சியில் எக்காளம் ஊதும் பொன்னிற உருவம். கபிரியேல் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது மொரோனி. சபையின் வேதமான மார்மன் நூலின் தங்க ஏடுகளை, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் காட்டியதாக மார்மன்கள் நம்பும் தூதர். பைபிளில் தேடினால் கிடைக்க மாட்டார்.

அப்புறம், சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் சால்ட் லேக் நகருக்குப் போகிறவர்கள் பழைய வழிகாட்டி நூல்களை நம்ப வேண்டாம். இதே இயேசு சிலையின் நகல் பல ஆண்டுகள் நின்ற வடக்குப் பார்வையாளர் மையம் இடிக்கப்பட்டுவிட்டது. 1893-ல் பிரதிஷ்டையான அங்குள்ள ஆலயம் 2019 இறுதியில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கலாம் என்று சபை அறிவித்திருக்கிறது. மறுபிரதிஷ்டை முடிந்தால் மற்றவர்களுக்கு மறுபடி வெளிவாசல்தான்.