கணினியில் தரமாகப் பாட்டு கேட்க: பிளேயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினியில் நல்ல தரத்தில் பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த பிளேயர் நல்லது?" என்றுதான். எந்த பிளேயரும் இல்லாத ஒலியைப் புதிதாகக் கொண்டுவராது. கோப்பில் உள்ளதைக் கெடுக்காமல் சவுண்ட் கார்டிடம் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. அதை ஒழுங்காகச் செய்ய இலவச மென்பொருளே போதும்.

படி 1: கோப்பைச் சோதியுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் இருப்பது மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றி வாங்கிய பாட்டு. இல்லையென்றால் கோயில் கொடையில் பதிவு செய்து கைமாறி வந்த வில்லுப்பாட்டு. இவற்றில் நிறைய 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 கோப்புகள். ஆடியோ சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருக்கும். அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் இங்கே மிச்சம்.

வில்லுப்பாட்டில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். குடத்தின் கும்மென்ற ஓசை ஓரளவு தப்பித்துவிடும். வீசுகோல் பட்டு வில்லில் குலுங்கும் மணிகளும் ஜால்ராவும்தான் அடிபடும். கணீரென்று கேட்க வேண்டியது சலசலவென்று கரைந்துபோகும். இதை எந்த பிளேயராலும் சரிசெய்ய முடியாது.

சொந்தமாக சிடி இருந்தால் ஃபிளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் வகை) கோப்பாக மாற்றி வையுங்கள். ஒரு துளியும் இழப்பில்லை. இடமும் சிடியில் இருப்பதைவிட வெகுவாகக் குறையும். ஆனால் எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. அப்படி மாற்றியதை யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் உதவும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் ஒலியின் படம் வரும், மேலே இருப்பது உச்ச ஒலி. 16,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நின்றால், அது பெரும்பாலும் எம்பி3 வழியாக வந்தது. பழைய பதிவுகளில் உச்ச ஒலி இயல்பாகவே மெல்ல மங்கும். அதைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகஸ்வரப் பதிவுகள் அந்தக் காலத்து மைக்கும் இசைத்தட்டும் தந்தவை. அவற்றுக்கு சிடியைவிட உயர்தரமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு தேடி அலைய வேண்டாம். நல்ல சிடி தரமே தாராளம்.

படி 2: பிளேயர்

விண்டோஸ் என்றால் என் ஓட்டு ஃபூபார்2000-க்கு. 2002-இல் இருந்து வருகிறது, இலவசம், பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடும். பாட்டு விவரத்தைத் தமிழில் எழுதி வைத்தாலும் அப்படியே காட்டும். முக்கியமாக, இடைவெளி விடாமல் அடுத்த டிராக்குக்குப் போகும். கச்சேரி சிடிக்களில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். நடுவில் அரை நொடி அறுந்தால்கூட ரசனை கெட்டுவிடும். விஎல்சி படம் பார்க்க அருமையானது, ஆனால் இந்த இடத்தில்தான் தடுக்கும்.

தோற்றம் கொஞ்சம் அழகாக வேண்டுமென்றால் ஐம்ப் அல்லது மியூசிக்பீ. லினக்ஸில் டெட்பீஃப், ஸ்ட்ராபெரி.

படி 3: அவுட்புட்

விண்டோஸ் எல்லா மென்பொருள்களின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, ஒரே சாம்பிள் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவு செய்கிறது என்ற கணக்கு) மாற்றித்தான் வெளியே விடும். பல கணினிகளில் அது 48,000 ஹெர்ட்ஸ், சிடியோ 44,100. இந்த மாற்றத்தைக் காதால் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் லேப்டாப்களில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் பாஸ் பூஸ்ட் போன்ற வேலைகள் நன்றாகவே கேட்கும். பாதி ஆலாபனையில் வாட்ஸ்அப் சத்தமும் வந்து விழும்.

இவற்றைத் தவிர்க்க, ஃபூபாரில் ஃபைல், ப்ரிஃபரன்சஸ், பிளேபேக், அவுட்புட் என்று போங்கள். டிவைஸ் பட்டியலில் உங்கள் சவுண்ட் கார்டின் பெயரோடு 'எக்ஸ்க்ளூசிவ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி பாட்டு நேராக கார்டுக்குப் போகும். அந்த நேரத்தில் யூடியூப் பேசாது. பயப்பட வேண்டாம், பாட்டை நிறுத்தினால் சரியாகிவிடும்.

படி 4: ஒப்பிடும்போது

இரண்டு பிளேயர்களை ஒப்பிட்டால், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஈக்வலைசரை இரண்டிலும் அணைத்து, சத்தத்தைச் சமமாக்கிவிட்டு, ஒரே பாட்டின் அதே ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். அப்புறமும் வித்தியாசம் தெரியவில்லையா? சரி, உங்களுக்குப் பிடித்த தோற்றத்தை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது அலறலாகவும் வந்தால், சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் என்ற வசதி இருக்கிறது. ஃபூபாரில் பாட்டுகளைத் தேர்ந்து, வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். ஒலியைத் தொடாமல் அளவை மட்டும் குறித்து வைக்கும்.

புளூடூத் ஹெட்போனில் கேட்பவர்கள் மூன்றாம் படிக்கு மெனக்கெட வேண்டாம். புளூடூத் எப்படியும் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். காசு கொடுத்து பிளேயர் வாங்க எண்ணியிருந்தால், அந்தப் பணத்தை ஒயர் உள்ள நல்ல ஹெட்போனில் போடுங்கள்.