மூளை அனூரிசத்துக்குக் காயில் வைக்கப் போகிறீர்களா?

நான் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் பிரிவில், நர்ஸ். அனூரிசம் என்றால் மூளை ரத்தக்குழாயின் சுவர் பலூன் போல வீங்குவது; அதை அடைக்கும் மெல்லிய கம்பிச்சுருள்தான் காயில். வெடிக்காத அனூரிசத்துக்குத் தேதி குறித்து வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் மாத்திரைப் பட்டியலை எழுதுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்தத்தை இளக்கும் மருந்து, சிறுநீரகக் கோளாறு, முன்பு கான்ட்ராஸ்ட் மருந்தால் (ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றுவது) வந்த ஒவ்வாமை, எதையும் விடாதீர்கள். ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) அல்லது ஃப்ளோ டைவர்ட்டர் (ரத்தம் வீக்கத்துக்குள் போகாமல் திருப்பும் நெருக்கமான வலைக்குழாய்) வைப்பதென்றால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரண்டு மருந்துகளை முன்கூட்டியே தொடங்குவார்கள். இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பல் பிடுங்க வேண்டும் என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

மண்டையைத் திறக்க மாட்டார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினக் கம்பிச்சுருள்களை வீக்கத்துக்குள் அடைப்பார்கள். 1990களிலிருந்து நடக்கும் முறைதான். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு.

தொடை வழி என்றால் அப்புறம் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருங்கள். இருமல் வந்தால் குத்திய இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், திடீர்க் கடும் தலைவலி வந்தால் உடனே ஆம்புலன்ஸ்.

புகையை விடுங்கள், சரியா? பிளாட்டினக் காயிலோடு எம்ஆர்ஐ பொதுவாக எடுக்கலாம். ஆனாலும் இம்ப்ளான்ட் கார்டை (உள்ளே வைத்ததன் விவரம் உள்ள அட்டை) காட்டிவிட்டு உள்ளே போங்கள்.