பிரிட்ஜ் சென்சார் வேலை: தொழில் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு என்று எல்லா ஊரிலிருந்தும் ஒரே புகார்தான் வரும். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது, கீழே பால் திரிந்துபோகிறது. தானாகப் பனி உருக்கும் ஃபிராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ் என்றால், இதற்குப் பின்னால் பல நேரம் குளிரை அளக்கும் ஒரு சென்சாரோ அதன் வயரோ இருக்கும். தொழில் பழக வரும் தம்பிகள் அதைக் கையாளும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். பிளக்கைப் பிடுங்காமல் கை வைப்பது, கதவு ரப்பரைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை சீக்கிரமே தாமாகப் படிந்துவிடும். மற்றவைதான் படிவதில்லை.

கோளாறு எண்ணை மட்டும் நம்புவது

டிஸ்பிளேயில் வரும் எண், எந்தச் சென்சாரின் இணைப்பில் சிக்கல் என்பதைத்தான் சொல்லும். சென்சார் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம். எண்ணின் அர்த்தமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இதன் மறுபக்கம்தான் அதிகம் ஏமாற்றும். எண் எதுவும் வரவில்லை, ஆகவே சென்சார் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது. இணைப்பு முழுதாக அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் பிரிட்ஜை இயக்கும் போர்டுகள் பெரும்பாலும் எண்ணைக் காட்டும். பத்துப் பன்னிரண்டு டிகிரி தப்பாகச் சொல்லும் சென்சாரை போர்டு அப்படியே நம்பிவிடும்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் நிற்காத தவறு இது. இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

புதுச் சென்சாரை வாங்கி வருவார்கள். பழைய வயரை வெட்டி, இரண்டு முனைகளையும் விரலால் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, பின்பலகையை மூடிவிடுவார்கள். பிரிட்ஜ் ஓடும். காசும் கைக்கு வரும். சில வாரமோ சில மாதமோ கழித்துப் பழைய புகார் திரும்ப வரும். "சென்சார் புதுசு, ஆகவே போர்டுதான்" என்று அடுத்த முடிவு. சென்சார் சில நூறு ரூபாய், போர்டு சில ஆயிரம். அந்த ஆயிரங்கள் வீட்டுக்காரர் தலையில் விழும். கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

புளியரையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்காவின் பிரிட்ஜ் இப்படித்தான் என்னிடம் வந்தது. வேறொரு கடையில் சென்சாரும் மாற்றி, போர்டும் மாற்றியிருந்தார்கள். "மாவு பொங்கி வழியுது அண்ணாச்சி, வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க" என்றார். ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினால் குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயில் (coil) முழுவதும் வெள்ளைப் பாளமாகப் பனி. அதை உருக்கி எடுத்த பிறகு அந்த டேப் சுற்றிய இணைப்பு வெளியே வந்தது. குளிரில் பசை விட்டு, டேப் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. வளைத்தபோது உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு.

சென்சாரின் முனையை மட்டும் ஐஸ் தண்ணீரில் வைத்து, இணைப்போடு சேர்த்து மின்தடையை அளந்தேன். மீட்டர் 18 கிலோ ஓமை ஒட்டி நிற்காமல் ஆடியது. இணைப்பை வெட்டியெறிந்துவிட்டு அளந்தால் 31 கிலோ ஓம், அசையாமல். சென்சார் சரியானதுதான். இடையிலிருந்த ஈரம்தான் பொய் சொன்னது.

என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். இந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். குளிர் ஏற ஏற அதன் மின்தடை கூடும், சூடு ஏறினால் குறையும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, 0 டிகிரியில் 30 கிலோ ஓமை ஒட்டி நிற்கும். இணைப்பில் ஈரம் புகுந்தால் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மின்சாரத்துக்கு இன்னொரு குறுக்குவழி கிடைக்கிறது. மொத்தத் தடை குறைகிறது. போர்டு இருப்பதைவிடச் சூடாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. 18 கிலோ ஓம் என்றால் ஏறக்குறைய 12 டிகிரி. காயிலில் பனி உருகிவிட்டதா என்று பார்க்கும் டிஃப்ராஸ்ட் சென்சார் அந்த அளவைக் காட்டினால், பனி உருகி முடிந்தது என்று பல மாடல்களில் பனி உருக்கும் ஹீட்டர் நின்றுவிடும். உண்மையில் பனி அப்போதுதான் உருகத் தொடங்கியிருக்கும். உருகும் நீரும் அந்த இணைப்பின் மேலேயே சொட்டுவதால், கணக்குத் தவறக் கூடாத அந்த நேரத்தில்தான் கணக்கு மிக அதிகமாகத் தவறும். மிச்சப் பனியின் மேல் அடுத்த பனி ஏறும். காயில் அடைபட்டு, ஃபேன் தள்ளும் குளிர்க்காற்று கீழ் அறைக்கு வராமல் நின்றுபோகும். மாவு பொங்கும்.

களிம்பு மட்டும் ஏறி ஈரம் இல்லாமலிருந்தால் நேர்மாறாக நடக்கும். தடை கூடி, போர்டு இருப்பதைவிடக் குளிராக நினைக்கும். அதே தவறு கீழ் அறைச் சென்சாரில் நடந்தால் கம்ப்ரசர் சீக்கிரம் நின்று எல்லாம் வெதுவெதுப்பாகிவிடும். ஒரே மோசமான இணைப்பு இரண்டு விதமாகவும் ஆட்டம் காட்டுவதால்தான் போர்டின் மேல் பழி விழுகிறது.

எங்கள் பக்கத்தில் இது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று நீரைச் சுமந்துகொண்டு வருகிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே போய்க் காயிலில் பனியாகப் படியும். சித்திரையில் ஒளிந்திருக்கும் பழுது ஆடியில் வெளியே வரும். சாரல் காலத்துக்கு முன்பு டேப் சுற்றிக் கொடுத்தவர், தன் வேலை நிலைத்தது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

முடிந்தவரை கனெக்டரோடு வரும் சென்சார் செட்டை முழுதாக மாற்றுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை பின்னுக்குப் போய் வெட்டுங்கள். இரண்டு இணைப்புகளும் ஒன்றையொன்று தொடாதபடி ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக வையுங்கள். ஜெல் நிரப்பிய கிரிம்ப் கனெக்டர், அதாவது அழுத்தினால் கம்பியைக் கவ்விக்கொள்ளும் வகை, போட்டு அழுத்துங்கள். வேலை முடிந்தபின் இணைப்பு மேலேயும் வயரின் வளைவு கீழேயும் இருக்கட்டும், தண்ணீர் வளைவில் சொட்டிப் போய்விடும். உள் அறையில் சால்டரிங், தீ, லைட்டர் எதுவும் வேண்டாம். இப்போது வரும் வீட்டு பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ வாயு இருக்கிறது. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். கசிந்தால் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப முடியாது.

கனெக்டரைக் கழற்றாமல் அளப்பது

போர்டிலுள்ள ரெசிஸ்டர்களும் சேர்ந்து அளவில் கலக்கும். பிளக்கைப் பிடுங்கி, கனெக்டரைக் கழற்றிவிட்டு அளங்கள். டம்ளரில் நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் தண்ணீரையும் கலந்தால் 0 டிகிரி கிடைக்கும். சென்சார் அதில் சில நிமிடம் ஊறிய பிறகே எண்ணைப் படியுங்கள். முனையை விரலால் பிடித்தபடி அளந்தால் உங்கள் உடம்புச் சூட்டைத்தான் அளக்கிறீர்கள்.

எந்தச் சென்சாராக இருந்தால் என்ன என்பது

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். 5 கிலோ ஓம் வகை இருந்த இடத்தில் 10 கிலோ ஓம் வகையை மாட்டினால், உள்ளே உண்மையில் 10 டிகிரி இருக்கும்போதே போர்டு உறைநிலைக்குக் கீழே போய்விட்டதாக எடுத்துக்கொண்டு கூலிங்கை நிறுத்திவிடும். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

கத்தியால் பனியைக் குத்துவது

அலுமினியக் குழாய் ஓட்டையானால் மொத்த வாயுவும் போய்விடும். வெந்நீர்ப் பாத்திரம் போதும்.

ஒரு நாள் அணைத்து வைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பது

பனி உருகியது. பழுது உருகவில்லை. நாலு நாளோ பத்து நாளோ நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி நின்றால், டிஃப்ராஸ்ட் பக்கம் பாருங்கள். சென்சாரோடு ஹீட்டரையும், சூடு ஏறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் சுவிட்சான பைமெட்டலையும் சேர்த்து அளங்கள்.

சென்சாரைத் தொங்கவிட்டு மூடுவது

டிஃப்ராஸ்ட் சென்சார் காயில் குழாயைத் தொட்டபடி, கம்பெனி வைத்த கிளிப்பில், கம்பெனி வைத்த இடத்திலேயே உட்கார வேண்டும். காற்றில் தொங்கினால் ஹீட்டரின் சூடு முதலில் அதைத்தான் அடையும், பனி உருகுமுன் ஹீட்டர் நின்றுவிடும். அறையின் காற்றை அளக்கும் சென்சாருக்கு இது நேர்மாறு. அது காயிலையோ பனியையோ தொடக் கூடாது. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிளிப் உடைந்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புதிது வாங்கிப் போடுங்கள்.